கிடார் கட்டுவோர் மரத்திலும் பிக்கப்பிலும் சறுக்கும் இடங்கள்

சென்ற மாதம் ஒரு தம்பி, துணியில் சுற்றிய கிடார் நெக் (கழுத்துப் பகுதி) ஒன்றைச் சென்னையிலுள்ள என் பட்டறைக்கு எடுத்து வந்தார். மகோகனி நெக், அதன்மேல் விரல் ஓடும் ஈட்டி மர ஃபிரெட்போர்டு, வரிசை பிசகாமல் பதித்த 22 ஃபிரெட்டுகள் (குறுக்குக் கம்பிகள்). முதல் முயற்சி என்று சொன்னால் நம்ப முடியாத கைவேலை. ஆனால் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட் பக்கம் ஒரு நேர்சட்டத்தையும் அடிப்பக்கம் ஒன்றையும் குறுக்கே வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது, இரண்டும் இணையாக நிற்கவில்லை. நெக் முறுக்கிக்கொண்டிருந்தது. எந்தக் கடையில் என்ன சொல்லி அந்த மரத்தை விற்றிருப்பார்கள் என்பதை அவர் சொல்வதற்கு முன்பே என்னால் சொல்ல முடிந்தது. ஏனெனில் பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே சொல்லை நம்பி அதே மரத்தை வாங்கியவன்.

அளவு தவறி அறுப்பது, பசை காயுமுன் கிளாம்பைக் கழற்றுவது போன்றவை இரண்டாவது கிடாரில் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. வாங்கும்போதே நேர்ந்து, பல மாதங்கள் கழித்து வெளிப்படும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மரம் வெட்டி எத்தனை ஆண்டு என்று கேட்பது

மரக்கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி, "சீசன் ஆன மரம்தானே?" என்பது. "வெட்டி மூணு வருஷம் ஆச்சு சார், நல்லாக் காய்ஞ்சது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அது பொய்யும் அல்ல. அந்த மகோகனி மரத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன்தான் வெட்டியிருந்தார்கள். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளும் அது பட்டையோடு முழுத் தடியாகத் திறந்த வெளியில் மழையை வாங்கிக்கொண்டு கிடந்தது. என் கண்ணெதிரேதான் அதை மில்லில் ஏற்றிப் பலகையாக அறுத்துக் கொடுத்தார்கள். தடியாகக் கிடக்கும்வரை நடுமரத்தின் ஈரம் வெளியேறுவது மிக மிக மெதுவாகவே நடக்கும். பலகையாக அறுத்து, இடையிடையே ரீப்பர் கட்டை கொடுத்து, காற்றோட அடுக்கிய நாளிலிருந்துதான் காயும் கணக்கு தொடங்குகிறது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது மரவேலை செய்வோரின் பொதுக் கணக்கு. என் பலகை இரண்டு அங்குலக் கனம்; நான் காத்திருந்ததோ மூன்று வாரம்.

ஜனவரியில் கிடாரை ஒப்படைத்தேன். ஏப்ரலில் அதை வாங்கியவர் தொலைபேசியில், "அண்ணா, நெக்ல கையை மேலே கொண்டு போனா கீறுது" என்றார். போய்ப் பார்த்தால், இரவும் பகலும் ஏசி ஓடும் அறையில் சுவரில் மாட்டியிருந்தார். ஃபிரெட்போர்டுக்கான ஈட்டியும் அதே கடையில் அதே நாளில் வாங்கியது. ஈட்டி முழு ஈரத்திலிருந்து முற்றிலும் காயும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்கும். 18 சதவீத ஈரத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினால், 56 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கம் வரும். மரம் சுருங்கும், ஃபிரெட் கம்பி சுருங்காது. ஆகவே ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதை மட்டுமென்றால் அரம் போட்டுச் சரிசெய்திருப்பேன். முறுக்கிய நெக்கை என்ன செய்வது? நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி முன்பின் வளைவைத்தான் திருத்தும். முறுக்கு அதற்குக் கட்டுப்படாது. ஃபிரெட் கம்பி, டிரஸ் ராடு, சிப்பி பதித்த வேலை, ஆறு வார உழைப்பு என அத்தனையும் போனது. புது நெக்கை என் செலவில் செய்து கொடுத்தேன். பழைய நெக் இன்னும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் விற்றவர்மேல் அல்ல, தராசு ஒன்று வீட்டிலேயே இருந்தும் பயன்படுத்தாத என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

தேவைப்படுவது சமையலறை டிஜிட்டல் தராசு மட்டுமே. பலகையை வாங்கி வந்த அன்றே அறுத்த முனைகள் இரண்டிலும் மெழுகோ பழைய பெயின்டோ பூசிவிடுங்கள். இல்லையேல் முனை விரைந்து காய்ந்து வெடிக்கும். பிறகு எடை போட்டு, தேதியோடு பலகையின்மீதே பென்சிலால் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். தொடர்ந்து மூன்று நான்கு முறை எடை மாறவில்லையென்றால் மரம் அந்த அறையின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அவசரமாக எண் தெரியவேண்டுமானால், பலகையின் முனையிலிருந்து அல்லாமல் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து எடை போட்டு, வீட்டு ஓவனில் 100 பாகையை ஒட்டி வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவிடுங்கள். 118 கிராம் துண்டு 100 கிராமில் நின்றால் ஈரம் 18 சதவீதம். மலிவான ஊசி மீட்டர்களை நம்பிவிட வேண்டாம்; அவற்றில் பல டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு அளவிடப்பட்டவை, நம் மரங்களுக்கு வேறு எண்ணைக் காட்டும்.

வெளிநாட்டுக் குறிப்புகள் 6 முதல் 8 சதவீதம் வரை காயவைக்கச் சொல்கின்றன. அது வெப்பமூட்டிய அறைகளில் வாழ்வோருக்கான எண். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டும் கடற்கரை ஊரில் திறந்த அறையில் மரம் 13 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். ஏசி அறையில் 9 சதவீதத்துக்கு வரும். ஆகவே கிடார் எந்த அறையில் வாழப்போகிறது என்று கேட்டுக்கொண்டு, நெக் மரத்தை அதே மாதிரி அறையில் காயவிடுவதுதான் முறை. நான் இப்போது ஏசி போட்ட படுக்கையறைக் கட்டிலின் கீழ் அடுக்குகிறேன். வீட்டில் இதற்கு ஒப்புதல் கிடைக்க ஓராண்டு ஆயிற்று.

பலகையின் முனையில் வளையக் கோடுகள் எப்படி ஓடுகின்றன என்பதையும் பார்க்கவேண்டும். மகோகனி வளையத்தின் போக்கில் 4.3 சதவீதமும், அதற்குக் குறுக்கே 2.9 சதவீதமும் சுருங்குவது. மேப்பிளிலோ வளையத்தின் போக்கில் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப்போல் இரு மடங்கு. கோடுகள் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சாய்ந்தும் ஓடும் கட்டையில் இரு ஓரங்களும் வேறு வேறு அளவில் சுருங்குவதால்தான் முறுக்கு விழுகிறது. அந்தத் தம்பியின் நெக்கில் நடந்ததும் இதுவே.

எடையைக் கூட்டிப் பார்க்காமல் பாடி மரம் வாங்குவது

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார் வடிவத்தில் 45 மில்லிமீட்டர் கனமுள்ள பாடி, குழிகள் வெட்டிய பின் ஏறத்தாழ 4 லிட்டர் கன அளவு இருக்கும். ஆல்டர் மரத்தில் அது 1.8 கிலோ. அதையே தேக்கில் செய்தால் 2.6 கிலோ, ஈட்டியில் 3.3 கிலோ. நெக்கும் இரும்புச் சாமான்களும் சேர்ந்து இன்னும் ஒன்றரை கிலோவுக்கு மேல் ஏற்றும். 1968-இல் ஃபெண்டர் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்காக முழுக்க ஈட்டியிலேயே ஒரு டெலிகாஸ்டர் கிடார் செய்தது; 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடியில் அவர் வாசித்தது அதைத்தான். அழகில் குறை சொல்ல முடியாத கருவி. ஆனால் கடைக்கு வந்த அந்த மாதிரியில் எடையைக் குறைக்கப் பின்னர் உட்புறத்தைக் குடைய வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம் நின்று வாசிப்பவரின் தோளுக்கு மர ரேகையின் அழகு தெரியாது.

எடை குறைவாக வேண்டுமென்று குமிழ் மரத்தில் பாடி செய்து, கனத்த நெக்கைப் பூட்டிவிட்டால், கையை எடுத்ததும் நெக் தரையை நோக்கிச் சாயும். அதுவும் தொல்லைதான்.

மரத்தால் ஒலி மாறுமா என்று கேட்பவர்களுக்கு: தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் தொகுதி ஒன்றையே பலா பாடியிலும் மகோகனி பாடியிலும் மாற்றி மாற்றிப் பொருத்திக் கேட்டிருக்கிறேன். பிக்கப் உயரத் திருகை அரைச்சுற்று திருப்பினால் வரும் வேறுபாடு, எனக்குக் கேட்டவரை, மரத்தின் வேறுபாட்டைவிடப் பெரிது. கிடார் கலைஞர் லெஸ் பால் 1940-களின் தொடக்கத்தில் நாலங்குலச் சதுர பைன் கட்டை ஒன்றில் நெக்கைப் பூட்டி வாசித்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். பாடி மரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை நெக் மரத்துக்கு மாற்றுங்கள்.

தேக்கை அப்படியே ஒட்டுவது

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள்.

ரசீது இல்லாத ஈட்டி

வேண்டாம்.

கிலோ ஓமைப் பார்த்துப் பிக்கப் வாங்குவது

"இது 16 கே, அது வெறும் 8 கே" என்று ஒப்பிடும் பேச்சை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். ஓம் என்பது சுருளிலுள்ள செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே. 42 கேஜ் கம்பிக்குப் பதிலாக அதே நீளம், அதைவிட மெல்லிய 43 கேஜ் கம்பியைச் சுற்றினால், தடை கால் பங்குக்கு மேல் கூடும். ஒலியின் வலிமை அந்த அளவுக்குக் கூடாது. கிரெட்ச் கிடார்களில் வரும் ஃபில்டர்ட்ரான் என்ற ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) 4 கிலோ ஓமை ஒட்டியே நிற்பது. அதை யாரும் நோஞ்சான் பிக்கப் என்று சொல்வதில்லை. சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தத்தின் வகை, இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) ஆகியவற்றைச் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். ஒரே தயாரிப்பாளர், ஒரே வடிவம், ஒரே கம்பி என்றால் மட்டும் ஓம் ஓரளவு பயன்படும். செம்பின் தடை வெப்பத்தோடு ஏறுவது; 20 பாகையில் 7.5 காட்டும் பிக்கப், மே மாதத்து 35 பாகையில் 7.9 காட்டும். வெயிலில் யாருடைய பிக்கப்பும் வலுத்துவிடுவதில்லை.

பாட் எனும் மாறுதடையை மீட்டரில் அளக்காமல் பொருத்துவது

வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருப்பது பாட். ஒற்றைச் சுருளுள்ள சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே என்பது வழக்கம். 500 கே என்று அச்சிட்டது 400 கூடக் காட்டலாம், ஏனெனில் 20 சதவீத ஏற்றத்தாழ்வு சாதாரணம். ஹம்பக்கர் மந்தமாக ஒலிக்கிறதென்று பிக்கப்பையே விற்றுவிட்ட ஒருவரின் கிடாரைத் திறந்தபோது, வால்யூமுக்கும் டோனுக்கும் 250 கே பாட்கள் இருந்தன. எலக்ட்ரானிக் சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகும்போது மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள். பத்தை அளந்து பார்த்து மூன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பிக்கப் கையில் வருமுன் குழி வெட்டுவது

படத்தில் உள்ள அளவை நம்பாதீர்கள். பிக்கப் வரட்டும்.

தந்தி இடைவெளி

கிப்சன் வழிவந்த ஹம்பக்கரில் முதல் தந்திக்குக் கீழுள்ள காந்தத் துருவத்துக்கும் ஆறாம் தந்திக்குக் கீழுள்ளதற்கும் இடையே 49 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஃபெண்டர் வகை அகல பிரிட்ஜில் (பாடியின்மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்) தந்திகள் 56 மில்லிமீட்டரில் தொடங்குவதால், பிரிட்ஜ் பிக்கப்புக்கு 52 அல்லது 53 மில்லிமீட்டர் அகலமுள்ள வகையைக் கேட்டு வாங்கவேண்டும். முதலில் பிரிட்ஜ், அதற்கேற்பப் பிக்கப்.

வீட்டு மின்சாரத்தை மறந்துவிட்டுச் சிங்கிள் காயில் தேர்ந்தெடுப்பது

சிங்கிள் காயில் பிக்கப் ஓர் ஆன்டெனா. நம் வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலோடு, மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் தரும் கரகரப்பும் சேர்ந்துகொள்ளும். விசிறியை முழு வேகத்தில் வைத்தால் கரகரப்பு அடங்குகிறதா என்று சோதியுங்கள். அடங்கினால் குற்றவாளி ரெகுலேட்டர்தான், பிக்கப் அல்ல. இரவில் குறைந்த ஒலியில், அதுவும் டிஸ்டார்ஷன் போட்டு வாசிப்பவர் என்றால் ஹம்பக்கரையோ, இரட்டைச் சுருளை மேலும் கீழுமாக அடுக்கிய இரைச்சலற்ற வகையையோ தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிடுங்கள். சிங்கிள் காயில்தான் வேண்டுமென்றால் குழி முழுவதும் செம்புத் தகடு ஒட்டி, துண்டுகள் சேரும் இடங்களில் சால்டர் வைத்து, அதைப் பாட் முதுகோடு இணையுங்கள். பிரிட்ஜுக்குக் கீழே செல்லும் எர்த் கம்பிக்கான துளையைப் பாலிஷ் அடிக்கும் முன்பே போடவேண்டும். நான் ஒருமுறை பாலிஷுக்குப் பிறகு போட்டு, துளைமுனை வழுக்கி, பாடியின் முகப்பில் மூன்று அங்குலக் கீறல் விழுந்தது. அதன்மேல்தான் இப்போது அந்தக் கிடாரின் பிக்கார்டு என்ற முகப்புத் தகடு உட்கார்ந்திருக்கிறது.