மடிப்பில் வெடித்த இடுப்புப்பட்டி

கல்லடியில், என் வீட்டு விறாந்தையில் கையால் செய்த முதல் இடுப்புப்பட்டி, கொளுக்கியைச் சுற்றி மடித்த இடத்தில் மூன்று வாரங்களுக்குள் குறுக்காக வெடித்துவிட்டது. தோலில் குறையில்லை, தாவரச் சாற்றில் பதனிட்ட, 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள நல்ல மாட்டுத்தோல் அது. உலர்ந்த நிலையில், முழுத் தடிப்புடனேயே மடித்ததுதான் என் பிழை: மடிப்பின் வெளிப்புறம் அளவுக்கு மீறி இழுபட்டு, மேற்பரப்பின் இழைகள் அறுந்திருந்தன.

வெடித்த முனையை வெட்டி நீக்கினேன். புதிய மடிப்பிடத்தில் உட்புறத்தை மட்டும் மெல்ல மெல்லச் சீவி, தடிப்பைப் பாதியாக்கினேன். கத்தியைத் தீட்டாமல் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. மழுங்கிய கத்தி தோலைச் சீவாது, பிய்க்கும். கொளுக்கியின் முள் நுழையும் நீள்துளைக்கு, முதலில் இரு முனைகளிலும் வட்டத் துளையிட்டு, பிறகு அவற்றை இணைத்து வெட்டினேன். கூர்மூலை இருந்தால் கிழிசல் அங்கிருந்தே தொடங்கும். பின்னர் ஈரத் துணியால் ஒற்றி, தோல் சற்றுக் கருத்து இளகியதும் மடித்து, இரு மரத்துண்டுகளுக்கிடையே இறுக்கி உலரவிட்டேன். மாரிகாலக் காற்றில் ஓர் இரவு போதவில்லை; இரண்டாம் நாளே முழுதாக உலர்ந்தது. அதன் பின்பே, தேன்மெழுகு பூசிய நூலை இரண்டு ஊசிகளில் கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைத்துத் தைத்தேன். நீளம் குறைந்துவிட்டதால், நுனிப் பக்கமாக 25 மில்லிமீற்றர் தள்ளி இன்னொரு துளையிட வேண்டியிருந்தது.