சளியா, தடிமனா? காசநோய்ச் சோதனையில் விடுகிற பிழைகள்

யாழ்ப்பாணத்தில் மூக்கு ஒழுகினால் அது தடிமன். நெஞ்சிலிருந்து வருவதுதான் சளி. தமிழ்நாட்டில் இரண்டையும் சளி என்றே சொல்லிவிடுவார்கள். லண்டனில் தஞ்சம் கேட்டிருக்கும் எங்கள் ஊர் அம்மாவிடம், சென்னைப் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். அந்த அம்மா நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு "ஓம்" என்பார். அது தடிமனாகப் பதிவாகிவிடும். வயதானவர்களுக்குக் காசநோய் என்பதைவிடச் சயரோகம் என்றால்தான் சட்டென்று பிடிபடும். நோயின் பெயரைவிட அறிகுறியைக் கேட்பதுதான் நல்லது: இரண்டு கிழமைக்கு மேல் இருமலா, பின்னேரத்தில் காய்ச்சலா, இரவில் வியர்க்கிறதா, உடம்பு மெலிகிறதா?

மகனை மொழிபெயர்க்க வைப்பது இன்னொரு பிழை. சளியில் இரத்தம் வந்ததைப் பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாய் சொல்லுவார்?

அடுத்தது, எக்ஸ்றே தெளிவாக வந்தால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பு. அது அன்றைய நெஞ்சின் படம் மட்டுமே. கிருமி தொற்றிய முதல் 2 ஆண்டுகளில்தான் நோயாக மாறும் ஆபத்து கூட. நெரிசலான முகாமிலோ வழியிலோ தொற்றியது பிறகு தலைகாட்டலாம். கழுத்தில் கட்டியாக வரும் காசநோய் நெஞ்சுப் படத்தில் தெரியாமலே போகலாம்.

தொற்றையும் நோயையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுவதும் உண்டு. கிருமி உடலில் உறங்குகிறவர் யாருக்கும் பரப்பமாட்டார். சிகிச்சை இல்லாவிட்டாலும், நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாகும். எங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவதால், கையில் குத்திப் பார்க்கும் மான்ரூ சோதனை தொற்று இல்லாமலும் தடித்துக் காட்டலாம். இரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. மான்ரூ போட்டவர் 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் திரும்பிப் போய்க் காட்டவேண்டும். தங்குமிடத்தை மாற்றிவிட்டார்கள், பஸ் காசு இல்லை என்று அதைத் தவறவிடுகிறவர்கள் பலர்.

சரி, மறைப்பதைப் பற்றி. முன்பு காசநோய் வந்ததைச் சொன்னால் தஞ்ச வழக்கு கெட்டுவிடும் என்று பயந்து பலர் வாய் திறப்பதில்லை. பழைய தழும்பை எக்ஸ்றே பல வேளைகளில் காட்டிவிடும். சிகிச்சை விபரம் இல்லாததால் சோதனைகள்தான் இழுபடும். பிரித்தானியாவில் விசா நிலை எதுவானாலும் காசநோய்ச் சிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள். இது தெரியாமலே இருமிக்கொண்டு திரிகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தியாவிலுள்ள முகாம்களிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வழக்கமான சிகிச்சை 6 மாதம். இரண்டாம் மாதமே பலருக்கு இருமல் நின்று உடம்பு தேறிவிடும். அப்போதுதான் கப்பலும் பயணமும் வந்து மருந்து விடுபடும். அரைகுறையாக விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். சிகிச்சை அட்டையையும் மிச்ச மாத்திரைகளையும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, வந்த கிழமையே மார்புநோய் கிளினிக்கில் காட்டுங்கள். இங்கேயும் அரச மருத்துவமனையில் இந்த மருந்து இலவசம்தான்.