மண்டபத்தில் பேச்சு புரியவில்லையா? வால்யூமை ஏற்றாதீர்கள்

சத்தம் காதைக் கிழிக்கிறது, ஆனால் மேடையில் என்ன பேசுகிறார்கள் என்றே விளங்கவில்லை. நம்மூர் மண்டபங்களில் பாதிக்கு இதுதான் நிலைமை. பின்வரிசையில் யாராவது கையைத் தூக்கினால் மைக்செட்காரர் உடனே வால்யூமைக் கூட்டுவார். முதல் தவறே அதுதான். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் குரல் எவ்வளவு கூடுகிறதோ, டைல்ஸ் தரையிலும் கண்ணாடியிலும் வெறும் சுவரிலும் மோதித் திரும்பும் ஒலியும் அதே அளவு கூடும், குழப்பம் அப்படியேதான் இருக்கும்.

பேச்சில் உயிரொலிகள் பலமானவை, மெய்யொலிகள் மெலிந்தவை. 'பட்டு', 'பத்து' இரண்டையும் பிரித்துக் காட்டுவது நடுவில் வரும் அந்தச் சின்ன மெய்தான். முன்னால் வந்த 'ப'வின் அகரம் இன்னும் அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த மெய் அதில் மூழ்கிவிடும். காது மந்தமான பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும்தான் இதில் அதிகம் தவிக்கிறார்கள், அவர்களை 'கவனிக்கவில்லை' என்று திட்டுவது அநியாயம்.

1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் இதே தொல்லை, ஒரு ஒலி அடங்க 5 விநாடிக்கு மேல் ஆனது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராவோடு ராவாகக் கொண்டுவந்து அடுக்கி, மெத்தை கூடக்கூட முழக்கம் குறைவதை அளந்து காட்டினார். மருந்து அன்றைக்கே தெரிந்துவிட்டது: ஒலியை உறிஞ்சும் பரப்பு வேண்டும்.

அதற்காக முட்டை அட்டையை ஒட்டாதீர்கள். பேச்சுக்கு வேண்டிய அளவு அது உறிஞ்சாது, தீப்பிடித்தால் பேராபத்து வேறு. மெல்லிய திரைச்சீலையும் கீச்சொலியை மட்டும் கொஞ்சம் குறைக்கும், கீழ்சுருதி முழக்கத்தை விட்டுவிடும். கனமான துணியை நிறைய மடிப்புவிட்டுச் சுவரிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள், முடிந்தால் கூரையில் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு போன்ற பொருள்) பலகை போடுங்கள். மேடைக்குப் பின்சுவரை மட்டும் முழுக்க மூடிவிட வேண்டாம், ஏனென்றால் ஏறக்குறைய 50 மில்லி விநாடிக்குள் திரும்பி வரும் ஒலி குரலுக்குப் பலம்தான் சேர்க்கும்.

அப்புறம் ஸ்பீக்கர். மேடையோரம் இரண்டு பெரிய பெட்டியை வைத்து எதிர்ச்சுவரைப் பார்த்து அலறவிடாமல், சின்னப் பெட்டிகளை ஆட்களுக்குப் பக்கத்தில், அவர்களைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். மேடை ஒலி காற்றில் வந்துசேர நேரமாகும், அதனால் மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டிக்கு ஏறக்குறைய 60 மில்லி விநாடி டிலே (ஒலியை அவ்வளவு தாமதித்து விடுவது) கொடுக்க மறந்தால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.