ஃபீல்டு சேல்ஸ் வேலை கசந்துவிட்டதா? இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்

பெரிய கம்பெனி, கழுத்தில் ஐ.டி. கார்டு, பெட்ரோல் அலவன்ஸ். சேரும்போது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு வருடம் கழித்து, கத்திரி வெயிலில் வடபழனி முதல் போரூர் வரை கடை கடையாக ஏறி இறங்கி, ராத்திரி ஒன்பது மணிக்கு ரிப்போர்ட் அனுப்பும்போது மனசு விட்டுப்போகிறது. அந்தக் கசப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த மனநிலையில் நாம் செய்கிற சில காரியங்கள் வேலையைவிட மோசமாக நம்மை அடிக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மாதக் கடைசியில் கைக்காசு போட்டு டார்கெட்டை முடிப்பது. நானே செய்திருக்கிறேன். ஒரு மார்ச் 31 சாயங்காலம், ஏரியா மேனேஜர் போனில், "இன்னும் நாற்பது பெட்டிதான், எப்படியாவது முடிச்சிடுப்பா" என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் அண்ணாச்சி பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "போட்டுத் தர்றேன் தம்பி, சரக்கு நகரலைன்னா நீதான் பொறுப்பு" என்றார். சரி என்று தலையாட்டினேன். நாற்பது பெட்டி ஷாம்பு பாக்கெட் அயனாவரத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியிலும் மாடிப்படி ஓரத்திலும் ஒன்றரை மாதம் கிடந்தது. கடைசியில் பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் விலையைக் குறைத்துத் தள்ளினேன். நஷ்டம் என் சம்பளத்தில் போனது. டார்கெட் முடித்ததற்கு வந்த இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) அதில் பாதிகூட இல்லை. அடுத்த மாத டார்கெட்டோ அந்தப் பொய்க் கணக்கின் மேல் ஏறி வந்தது. இந்த ஏரியாவில் இவ்வளவு ஓடாது என்று அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே அந்த மாதத்தை முடியுங்கள். திட்டு ஒரு நாளோடு போய்விடும்.

அடுத்தது, குறையை டீக்கடையோடு நிறுத்திக்கொள்வது. இன்சென்டிவ் ஸ்லாப் (எவ்வளவு விற்றால் எவ்வளவு என்ற கணக்கு) நடு மாதத்தில் மாறியதா, வர வேண்டிய கிளெய்ம் பணம் மூன்று மாதமாக நிற்கிறதா, தேதி, தொகையோடு மேனேஜருக்கு மெயில் போடுங்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், இன்சென்டிவ் கடிதம் மூன்றையும் சொந்தமாகச் சேமித்து வையுங்கள். வேலையை விட்டதும் கம்பெனி மெயில் மூடிவிடும். டீலர் பட்டியலை மட்டும் தொடாதீர்கள், அது கம்பெனியுடையது.

வெறுப்பில் வீட்டிலிருந்தபடியே கடைக்குப் போனதாகக் கம்பெனி ஆப்பில் பதிவு போடுவதும் வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பேச்சு முழுக்க அதைப் பற்றியே ஆகிவிடும்.

கோபத்தில் வேலையை உதறுவது இன்னொன்று. மாத மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய ஒரு தம்பி மறுநாளே வருவதை நிறுத்திவிட்டான். நோட்டீஸ் காலச் சம்பளத்தைப் பிடித்தார்கள், ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்த கடிதம்) இழுத்தது, கையில் இருந்த புது ஆஃபர் போனது. அதனால் முதலில் வேலையில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைக்க ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. நாலரை வருடத்தில் இருப்பவருக்குச் சில வாரப் பொறுமை நல்ல தொகை. பி.எஃப். பணத்தையும் எடுத்துவிடாதீர்கள். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி வரும், பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருடக் கணக்கும் அறுந்துபோகும். யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மூலம் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.