விமானத் தூரமும் பயண நேரமும்: கணக்கு பிசகும் இடங்கள்

டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பாடு, லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 11 மணிக்கு வருகை. டிக்கெட்டில் இப்படி இருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகார நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றை நேரடியாகக் கழிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் இரண்டையும் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றுங்கள். டோக்கியோ 9 மணி நேரம் முன்னால், ஆக மாலை 5 என்பது யூடிசி காலை 8. லாஸ் ஏஞ்சலிஸ் கோடையில் 7 மணி நேரம் பின்னால், ஆக காலை 11 என்பது யூடிசி மாலை 6. பயணம் 10 மணி நேரம்.

அந்தக் 'கோடையில்' என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது; குளிர்காலத்தில் அது 8 மணி நேரம். அமெரிக்கா மார்ச் 2ஆம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்தள்ளுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் வழக்கமான 5 இல்லை, 4 மணி நேரம்தான்.

தூரத்துக்கு வருவோம். தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். டோக்கியோ–நியூயார்க் கோடு அதில் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஓடும். உருண்டையில் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையோ அலாஸ்கா பக்கமாக வளைந்து போகிறது, சுமார் 10,850 கி.மீ. சூத்திரம் போட்டுக் கணக்கிடுவோர் பூமியின் ஆரத்தை 6,371 கி.மீ. என வைத்து, பாகைகளை ரேடியனாக மாற்றிக்கொள்ள வேண்டும். மேற்கு தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி கட்டாயம். நியூயார்க்கின் −74ஐ 74 என்று போட்டால் ஊர் கிர்கிஸ்தானில் போய் உட்கார்ந்துவிடும்!

மைலிலும் குழப்பம் உண்டு. விமானிகளின் மைல் கடல் மைல், 1.852 கி.மீ.; சாலை மைல் 1.609 கி.மீ. லண்டன்–நியூயார்க் சுமார் 5,540 கி.மீ., அதாவது ஏறக்குறைய 2,990 கடல் மைல். இதைச் சாலை மைலாக எடுத்துக்கொண்டால் 700 கி.மீ.க்கு மேல் காணாமல் போகும்.

அந்த 5,540ஐ மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் சுமார் 6 மணி 10 நிமிடம் வரும். அட்டவணையிலோ லண்டனிலிருந்து போக சுமார் 8 மணி நேரம், திரும்ப சுமார் 7. அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். போகும் நேரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று. 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, நியூயார்க்கிலிருந்து ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை எட்டியது. ஆகவே போகும் நேரத்தையே திரும்பும் நேரமாக எழுதிவைக்காதீர்கள்.

பழைய பயண நேரங்களையும் நம்ப முடியாது. ஹெல்சின்கி–டோக்கியோ 9 முதல் 10 மணி நேரமாக இருந்தது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் ஃபின்லாந்து விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாகி, சுமார் 13 மணி நேரம் ஆனது. ஊர்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன!

'டைரக்ட்' என்று போட்டிருந்தால் நான்ஸ்டாப் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே விமான எண்ணில் வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். நிறுத்தங்களின் எண்ணிக்கை 0 என்று இருக்கிறதா, வருகை நேரத்தின் பக்கத்தில் +1 இருக்கிறதா என்று பாருங்கள்; +1 இருந்தால் ஹோட்டல் அறையை மறுநாள் தேதிக்குப் போட வேண்டும்.