கார்பன் நானோபுள்ளிகள்: தயாரிப்பு முதல் இரும்பு அயனி அறிதல், செல் படமெடுப்பு வரை

2004-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது எதிர்பாராமல் கிடைத்தவை ஒளிரும் கார்பன் நானோபுள்ளிகள். பொதுவாக 10 நானோமீட்டருக்கும் குறைவான அளவுடைய இத்துகள்களை, சிட்ரிக் அமிலமும் எத்திலீன்டைஅமீனும் கொண்டு இன்று எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் தயாரிக்கலாம்.

1.05 கிராம் சிட்ரிக் அமில மோனோஹைட்ரேட்டை 10 மில்லிலிட்டர் தூய நீரில் கரைத்து, 335 மைக்ரோலிட்டர் எத்திலீன்டைஅமீனைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும். இந்த அமீன் தோலை அரிப்பதுடன் சுவாச ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும் என்பதால், ஃபியூம் ஹூட்டிற்கு (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்கு) வெளியே அதன் புட்டியைத் திறக்கக் கூடாது. கரைசலை 25 மில்லிலிட்டர் டெஃப்ளான் உறையிட்ட ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலத்தில்) அடைத்து, 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம் வைக்கவும். அந்த வெப்பநிலையில் உள்ளே நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 15 மடங்கு இருக்கும். ஆகவே கலம் தானாக அறை வெப்பநிலைக்கு ஆறும்வரை திறக்க வேண்டாம்.

கிடைக்கும் பழுப்புநிறக் கரைசல் புறஊதா விளக்கின்கீழ் பளிச்சென்று நீலமாக ஒளிரும். பலர் இங்கேயே திருப்தியடைந்து விடுகிறார்கள். ஆனால் இதே வினையில், தாமே நீலமாக ஒளிரும் சிறு கரிம மூலக்கூறுகளும் உருவாகின்றன. எனவே 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்த கரைசலை 1000 டால்டனுக்கும் (மூலக்கூறு நிறையின் அலகு) குறைவான சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் இட்டு, அதை நீரில் அமிழ்த்தி, வெளிநீரை அவ்வப்போது மாற்றியபடி ஒரு நாளுக்குக் குறையாமல் டயாலிசிஸ் செய்யவும். மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வெளிநீரின்மீது 365 நானோமீட்டர் விளக்கைப் பிடித்துப் பாருங்கள்; அது ஒளிர்ந்துகொண்டிருக்கும் வரை தூய்மைப்படுத்தல் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். முதல் வெளிநீரைக் கொட்டிவிடாமல் அதன் நிறமாலையையும் பதிவு செய்வது நல்லது. பைக்குள் எஞ்சியதன் நிறமாலையோடு அதை ஒப்பிட்டால்தான் ஒளியில் எவ்வளவு துகள்களுடையது என்பது புலப்படும்.

ஒளிர்வை அளக்கும்போது, 360 நானோமீட்டரில் உட்கவர்வு (ஒளியை உறிஞ்சும் அளவு) 0.1-க்குக் கீழ் இருக்குமாறு கரைசலை நீர்க்கச் செய்யவும். குவாண்டம் ஈட்டத்திற்கு (உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு பங்கு ஒளிர்வாகத் திரும்புகிறது என்ற அளவுக்கு), 0.1 மோலார் கந்தக அமிலத்தில் கரைத்த குயினைன் சல்பேட்டை 0.54 மதிப்புள்ள ஒப்பீடாகக் கொள்வது வழக்கம். மிகவும் நீர்த்த கரைசலில், 360 நானோமீட்டர் கிளர்வுக்கு (ஒளிரச் செய்யப் பாய்ச்சும் ஒளிக்கு) 410-க்கு அருகே தோன்றும் சிறு மேடு நீரின் ராமன் சிதறலே (நீர் மூலக்கூறுகள் அலைநீளம் மாற்றிச் சிதறவிடும் ஒளியே). கிளர்வு அலைநீளத்தோடு அதுவும் நகர்வதால், புள்ளிகளின் பண்பென்று அதைத் தவறாகக் கொள்ளும் வாய்ப்பு உண்டு.

இரும்பு(III) அயனியைச் சேர்க்கச் சேர்க்க ஒளிர்வு தணியும்; இதைக் கொண்டே அந்த அயனியை அறியலாம். தணியாத ஒளிர்வுக்கும் தணிந்த ஒளிர்வுக்கும் உள்ள விகிதத்தைச் செறிவுக்கு எதிராக வரைந்தால் கிடைப்பது ஸ்டெர்ன்–வோல்மர் வரைபடம். கண்டறியும் எல்லை வேண்டுமெனில், இரும்பு சேர்க்காத கரைசலைப் பத்து முறை அளந்து, அதன் திட்டவிலக்கத்தை மூன்றால் பெருக்கி, அளவீட்டுக் கோட்டின் சாய்வால் வகுக்கவும். இரும்பு(III) தானும் புறஊதா ஒளியை உட்கவர்வதால், உள்வடிகட்டு விளைவுக்கான (ஒளி புள்ளிகளை எட்டுமுன்னரே உறிஞ்சப்படுவதற்கான) திருத்தத்தைச் செய்யாமல் இத்தணிவைப் புள்ளிகளின் கணக்கில் எழுதுவது முறையன்று. நடுநிலை pH-இல் இந்த அயனி ஹைட்ராக்சைடாக வீழ்படியும், பாஸ்பேட் தாங்கலோ (தாங்கல்: pH மாறாமல் காக்கும் கரைசல்) அதனோடு பிணையும். ஆகவே அமிலத்தன்மையுள்ள, பாஸ்பேட் இல்லாத தாங்கலே பொருத்தமானது. ஒளிர்வைத் தணிப்பது இரும்பு மட்டும்தானா என்றறிய, தாமிரம், பாதரசம் ஆகிய அயனிகளையும் தனித்தனியே சோதிக்கவும்.

செல்களைப் படமெடுக்கும்போது நீல உமிழ்வு ஒரு தொல்லை. செல்லில் இயற்கையாக உள்ள என்ஏடிஎச் மூலக்கூறும் 460 நானோமீட்டருக்கு அருகே ஒளிர்வதால், புள்ளிகள் இடாத செல்களை அதே லேசர் திறனிலும் அதே உணர்வி அமைப்பிலும் படமெடுத்து ஒப்பிட்டாக வேண்டும். புள்ளிகளுடன் சில மணி நேரம் 37 டிகிரியில் வளர்த்த ஹீலா செல்களை (ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய்ச் செல்களை)த் தாங்கல் உப்புக் கரைசலால் நன்கு கழுவிய பின்பே 405 நானோமீட்டர் லேசரின்கீழ் வைக்கவும். நச்சுத்தன்மைக்கு எம்டிடி சோதனை (உயிருள்ள செல்கள் எம்டிடி சாயத்தை நிறமாற்றுவதை அளக்கும் சோதனை) செய்வோர், செல்லே இல்லாத குழியிலும் புள்ளிகளையும் எம்டிடியையும் சேர்த்து வைத்து, அங்கே எழும் நிறத்தை மற்றக் குழிகளின் அளவீடுகளிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.