முதலமடை ரயிலும் சீப்புப் பற்களும்: பழைய வீடியோவை தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் தயார் செய்யும் முறை

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து முதலமடை நிலையத்து ஆலமரங்களைக் கடந்து மீட்டர்கேஜ் ரயில் போகும் காட்சியை எங்கள் சித்தப்பா மினி டிவி (MiniDV) எனப்படும் சிறிய டிஜிட்டல் கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். பாலக்காடு - பொள்ளாச்சிப் பாதையில் அந்த ரயில் 2008-இல் நின்றுபோனது. இனி யாராலும் அதைப் படம்பிடிக்க முடியாது. கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரும்படி டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். திரும்பி வந்த கோப்பில் பெட்டிகளின் விளிம்பெல்லாம் சீப்புப் பற்களாகச் சிதைந்திருந்தது. நல்ல வேளையாகக் கேசட் கையில் இருந்தது. அதை நாங்களே மீண்டும் மாற்றிய முறையைத்தான் எழுதுகிறேன்.

சீப்பு எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் வழங்கிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 ஃபிரேம்கள், அதாவது முழுப் படங்கள். ஒவ்வொன்றிலும் 576 வரிகள். ஆனால் கேமரா அத்தனை வரிகளையும் ஒரே கணத்தில் பதிவதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகள் ஒரு கணத்திலும், இடையிலுள்ள மற்ற 288 வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழித்தும் பதிவாகின்றன. இந்த அரைப்படத்திற்கு ஃபீல்டு என்று பெயர். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் அந்த இடைவெளியில் 20 செ.மீ. நகர்ந்துவிடும். இரண்டு ஃபீல்டுகளையும் கணினி ஒன்றாகச் சேர்த்துக் காட்டும்போது அந்த 20 செ.மீ.தான் பல் பல்லாகத் தெரிகிறது. ஆலமரம் நகர்வதில்லை, அதனால் மரத்தில் சீப்பு இல்லை.

இது கேசட்டின் பழுது அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சி ஃபீல்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்ததால், நொடிக்கு 50 அசைவுகள் வழுவழுப்பாகத் தெரிந்தன. அந்த 50 அசைவுகளும் உங்கள் கேசட்டில் இன்னும் இருக்கின்றன. பாதியை இழக்காமல் கணினித் திரைக்குக் கொண்டுவருவதே நம் வேலை.

படி 1: கோப்பைச் சோதியுங்கள்

மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ‘ஸ்கேன் டைப்’ என்ற வரியைப் பாருங்கள். ‘இன்டர்லேஸ்டு’ (இரண்டு ஃபீல்டுகளாகப் பதிந்தது) என்றிருந்தால் தொடருங்கள். ‘புரோகிரசிவ்’ (முழுப் படமாகப் பதிந்தது) என்றிருந்தும் சீப்பு தெரிந்தால், யாரோ தவறாக மாற்றிய நகல் அது. மூலக் கேசட்டைத் தேடுங்கள். கைப்பேசியில் எடுத்த வீடியோவுக்கு இந்த வேலையே தேவையில்லை.

படி 2: பார்ப்பதற்கு மட்டும் என்றால் மாற்றாதீர்கள்

வி.எல்.சி. என்ற இலவச வீடியோ பிளேயரில், வீடியோ மெனுவில் சீப்பை நீக்கும் ‘டீஇன்டர்லேஸ்’ வசதியை இயக்கி, வகையாக ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுங்கள். சீப்பு மறையும், ஓட்டமும் குறையாது. ‘டிஸ்கார்டு’ வகை பாதி வரிகளைத் தூக்கி எறிந்துவிடும். ‘பிளெண்டு’ இரண்டு ஃபீல்டுகளையும் கலந்து பேய் நிழலை உண்டாக்கும். இரண்டையும் நான் தொடுவதில்லை.

படி 3: தொலைக்காட்சிக்கு

டிவிடியாக எழுதப் போகிறீர்கள் என்றால் இன்டர்லேஸை அப்படியே விடுங்கள். டிவிடி அதற்காகவே அமைந்தது. இன்றைய தட்டைத் திரைகளும் உள்ளே தாமாகவே டீஇன்டர்லேஸ் செய்துகொள்ளும். ஃபீல்டு வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மேல் வரியில் தொடங்கும் ஃபீல்டு மேல் ஃபீல்டு, அதற்கு அடுத்த வரியில் தொடங்குவது கீழ் ஃபீல்டு. மினி டிவி கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், 1080i எச்.டி. வீடியோவில் பொதுவாக மேல் ஃபீல்டு முதலில் வரும். வரிசை பிறழ்ந்தால் ரயில் இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வருவதுபோல் நடுங்கும்.

பென் டிரைவில் போட்டுப் பார்ப்பதானால் அடுத்த படியில் செய்யும் கோப்பே நல்லது. பென் டிரைவ் கோப்புகளை எல்லாத் தொலைக்காட்சிகளும் ஒரே தரத்தில் கையாளுவதில்லை.

படி 4: கணினி, கைப்பேசி, இணையத்திற்கு

ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளில் கோப்பைத் திறந்து, ‘ஃபில்டர்ஸ்’ பகுதியில் டீஇன்டர்லேஸ் வகையாக ‘யாடிஃப்’, அதன் அமைப்பாக ‘பாப்’ (Bob) என்று வையுங்கள். வீடியோ பகுதியில் ஃபிரேம் வேகத்தை 50 என்று நீங்களே குறிப்பிடுங்கள். 25 என்று விட்டால் பாதி அசைவு போய்விடும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

படத்தின் உயரத்தை டீஇன்டர்லேஸ் செய்வதற்கு முன்பு ஒருபோதும் குறைக்காதீர்கள். குறைத்தால் இரண்டு ஃபீல்டுகளின் வரிகளும் ஒன்றோடொன்று குழைந்து, சீப்பு படத்திலேயே ஊறிவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது. அந்தக் கடையில் எங்கள் ரயிலுக்கு நேர்ந்ததும் இதுவே.

முழுக் கேசட்டையும் மாற்றுவதற்கு முன், அசைவு மிகுந்த அரை நிமிடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ரயில், ஊஞ்சல், செண்டைக்கோல் எதுவானாலும் சரி. வி.எல்.சி.யில் ஆங்கில ‘E’ விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு ஃபிரேம் நகரும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ரயில் கொஞ்சம் முன்னேறி, விளிம்பு நேராக இருந்தால் மாற்றம் சரி.

கேசட்டிலிருந்து அப்படியே இறக்கிய மூலக் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் பிடிக்கும். இடம் போதவில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள். எங்கள் ரயில் இப்போது இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கிறது. ஒன்று முதலமடையில் எங்கள் வீட்டில். மற்றொன்று எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில், அக்காவின் பீரோவில்.